எல்லைகள் மாறிய சந்தை: ஹப்ஸ்பேர்க் பேரரசின் சிதைவும் வர்த்தகமும் பற்றிய விளக்கங்கள் – ஒரு மதிப்பீடு

பேரரசு ஒன்று சிதறுங்கால் வரலாற்றாசிரியர் பெரும்பாலும் முடி துறந்த மன்னரையும் புதிதாக ஏற்றப்பட்ட கொடிகளையும் பற்றியே எழுதுவர். அப்பேரரசின் ஒரு பகுதியில் நூற்கப்பட்ட நூல் வேறொரு பகுதியில் நெய்யப்பட்டமையும், ஒரு சமவெளியில் விளைந்த கோதுமை தொலைவிலுள்ள மலைநாட்டில் உண்ணப்பட்டமையும் அவர்தம் நூல்களில் அடிக்குறிப்பாகவே இடம்பெறும். ஆயின் அரசொன்று உடைவதன் விளைவைச் சாதாரண மக்கள் முதன்முதலாக உணர்வது கடைத்தெருவிலும் ஆலை வாயிலிலுமேயாகும். 1918ஆம் ஆண்டின் இறுதியில் சிதைந்த ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு இதற்குத் தக்க சான்றாகும். அச்சிதைவின் பின்னர் மத்திய ஐரோப்பாவின் வர்த்தகம் ஏன் சுருங்கியது, எத்திசை நோக்கித் திரும்பியது என்னும் வினாவுக்கு அறிஞர் அளித்துள்ள விடைகள் இரு பெரும் பிரிவுகளுள் அடங்குவன. அவ்விரு விடைகளும் எத்துணை பொருந்துவன என மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிகழ்ந்தது யாதென்பதைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். ஹப்ஸ்பேர்க் வமிசத்தினரின் ஆட்சியிலிருந்த இப்பேரரசில் 1910ஆம் ஆண்டளவில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஒஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்குமிடையே இருந்த உள்நாட்டுச் சுங்க எல்லை 1850இல் நீக்கப்பட்டது. 1867ஆம் ஆண்டின் இணக்க ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் தனித்தனிப் பாராளுமன்றங்களை வழங்கியபோதிலும் நாணயமும் வெளிச்சுங்கத் தீர்வையும் பொதுவாகவே நிலைத்தன. போரில் தோற்ற பின்னர் 1919இன் சென் ஜெர்மெய்ன் உடன்படிக்கையும் 1920இன் ட்றியனொன் உடன்படிக்கையும் இப்பெருநிலப்பரப்பின் பிரிவினையை உறுதிசெய்தன. முன்னைய பேரரசின் நிலம் ஒஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலாந்து, ருமேனியா, பின்னாளில் யூகோஸ்லாவியா எனப்பட்ட இராச்சியம், இத்தாலி ஆகிய ஏழு அரசுகளுக்கு உரியதாயிற்று. ஹங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ஒஸ்திரியாவோ ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சம் மக்களைக்கொண்ட சிறு குடியரசாகச் சுருங்கியது. அவர்களுள் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் வியன்னா நகரிலேயே வாழ்ந்தனர்.

இச்சிதைவின் வர்த்தக விளைவுகளை விளக்குவோருள் முதற் பிரிவினர் பேரரசை இயற்கையாக அமைந்த ஒரு பொருளாதார முழுமையாகக் காண்பர். இந்நோக்குக்குச் செல்வாக்கைத் தேடிக்கொடுத்த நூல்களுள் ஒன்று 1919இல் ஜோன் மெய்னார்ட் கெயின்ஸ் எழுதிய ‘சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்’ ஆகும். ருஷ்யா, ஜேர்மனி, ஒஸ்திரியா-ஹங்கேரி ஆகிய மூன்று பேரரசுகளுக்குள் முப்பது கோடிக்குச் சற்றுக் குறைந்த மக்கள் சுங்கத் தடைகள் மிகக் குறைந்த நிலையில் வாழ்ந்ததை அவர் சுட்டிக்காட்டினார்; புதிய எல்லைகளால் விளையக்கூடிய தீங்குக்கு மாற்றாகச் சுதந்திர வர்த்தக ஒன்றியம் ஒன்றையும் முன்மொழிந்தார். அவருக்குப் பின்வந்தோர் பலர் இக்கருத்தை மேலும் விரித்து, டானியூப் நதியின் இரு மருங்கும் இயற்கையே வகுத்த ஒரே சந்தையென்றும், அரசியல்வாதிகள் வரைந்த கோடு அதனைக் கொன்றதென்றும் கூறலாயினர்.

இவ்வாதத்துக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. பருத்தி நூற்கும் ஆலைகள் ஒஸ்திரியாவில் மிகுந்திருந்தன. அந்நூலை நெய்யும் தறிகளோ பெரும்பாலும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குரிய பொஹீமியாவிலும் மொராவியாவிலும் அமைந்தன. வியன்னாவின் அடுப்புகளுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய நிலக்கரி மொராவியாவின் ஒஸ்த்ராவாப் பகுதியிலிருந்தும் மேற் சைலீசியாவிலிருந்தும் வந்தது. புடாபெஸ்ற் நகரின் மாவாலைகள் உலகின் மிகப்பெரியனவற்றுள் வைத்தெண்ணப்பட்டவை. அவற்றுக்குக் கோதுமை வழங்கிய சமவெளியின் ஒரு பகுதி ருமேனியாவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் போயிற்று. மாவை வாங்கிய நகரங்களோ ஒஸ்திரியாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் இருந்தன. பேரரசின் முதன்மைத் துறைமுகமாகிய ட்றியெஸ்ற் இத்தாலிக்குரியதானபோது, பல கப்பற்றுறைகளுக்குப் பழகிய அந்நாட்டில் மேலும் ஒரு துறையாகிச் சிறுத்தது. 1857 முதல் வியன்னாவுடன் அதனை இணைத்த புகையிரதப் பாதை இருந்த இடத்திலேயே இருந்தது; அதன்வழி வந்த சரக்கே குன்றியது.

எனினும் இவ்விளக்கத்தின் அடிப்படைச் சொல்லாகிய ‘இயற்கை’ என்பதே ஐயத்துக்கிடமானது. பேரரசின் சந்தை மலையும் நதியும் தாமாக வகுத்ததன்று. அது சட்டத்தால் ஆக்கப்பட்டது. சுங்க ஒன்றியம் தசாப்தத்துக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியதாயிருந்தது. ஒவ்வொரு முறையும் வியன்னாவுக்கும் புடாபெஸ்றுக்குமிடையே கடும் பேரம் நிகழ்ந்தது. அப்பேரத்தின் உள்ளடக்கமும் வெளிப்படையானது. ஒஸ்திரிய ஆலை முதலாளிகள் ஹங்கேரியச் சந்தையைத் தமக்கெனப் பெற்றனர். ஹங்கேரிய நிலப்பிரபுக்கள் ஒஸ்திரிய நகரங்களின் உணவுச் சந்தையைத் தமக்கெனப் பெற்றனர். வெளியுலகின் மலிந்த சரக்கும் மலிந்த தானியமும் உட்புகாதவாறு உயர்ந்த தீர்வைகள் இருசாராரையும் காத்தன. இவற்றின் விலையைச் செலுத்தியவர் நகரத் தொழிலாளரே. ஆகவே 1914இற்கு முற்பட்ட உள் வர்த்தகத்தின் அளவில் ஒரு பகுதி அண்மையின் பயன் என்பது உண்மையாயினும், மற்றொரு பகுதி வெளிமதிலின் பயன் என்பதை மறத்தலாகாது. 1850இன் சுங்க நீக்கமே ஹங்கேரியின் வளர்ச்சிக்குத் தலையாய காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1983இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் கொம்லொஸ் அந்நீக்கத்தின் பயன் மிகைப்படுத்தப்பட்டுள்ளதென வாதிட்டமை இவ்விடத்து நோக்கத்தக்கது.

மதிலின் வலிமையை அயல்நாடுகளின் அனுபவமும் காட்டுகின்றது. 1886 முதல் 1893 வரை ருமேனியாவுடன் நடந்த சுங்கப்போரால் ருமேனியச் சந்தையை நம்பியிருந்த திரான்சில்வேனியக் கைவினைஞர் பெரிதும் நலிந்தனர். 1906இல் சேர்பியாவின் கால்நடைகளுக்கு எல்லை மூடப்பட்டது. ‘பன்றிப் போர்’ என இது பெயர் பெற்றது. அதுகாறும் தன் ஏற்றுமதியின் பெரும்பகுதியை ஒஸ்திரிய-ஹங்கேரிக்கே விற்றுவந்த சேர்பியா, சில ஆண்டுகளுக்குள்ளேயே இறைச்சியைப் பதனிட்டும் சலோனிக்காத் துறைமுகத்தைப் பயன்படுத்தியும் ஜேர்மனி முதலிய புதிய சந்தைகளைத் தேடிக்கொண்டது. அண்மை என்னும் இயற்கை மட்டுமே வர்த்தகத்தின் திசையைத் தீர்மானிப்பதாயின் இம்மாற்றம் இத்துணை விரைவில் நிகழ்ந்திராது. பேரரசுக்குள்ளேயே பொஹீமியாவின் சீனி எல்ப் நதிவழியே ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்துக்குச் சென்று உலகச் சந்தையை அடைந்தது. வேர்சாய் உடன்படிக்கை ஹம்பேர்க்கில் 99 ஆண்டுக் குத்தகைக்குத் துறைமுகப் பகுதியொன்றைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அளித்தபோது, அது புதிய பாதையொன்றைத் திறக்கவில்லை. பழைய பாதையொன்றுக்குச் சட்ட உருவம் கொடுத்தது.

இனி இரண்டாம் பிரிவினரின் விளக்கத்தை நோக்கலாம். பேரரசின் சந்தை 1918இல் உடைக்கப்படவில்லை. அது முன்னரே உள்ளூர உடைந்திருந்தது என்பது இவர்தம் கருத்து. இக்கருத்தின் சிறந்த வடிவம் ஒஸ்கார் யாசி 1929இல் வெளியிட்ட ஹப்ஸ்பேர்க் முடியாட்சியின் சிதைவு பற்றிய நூலில் உண்டு. 1918இல் ஹங்கேரியின் அமைச்சராயிருந்து, பின்னர் நாடு நீங்கி அமெரிக்காவிற் பேராசிரியராகப் பணியாற்றிய யாசி, பேரரசைப் பிணைத்து வைத்திருக்க வேண்டிய சக்திகளுள் ஒன்றாகச் சுங்க ஒற்றுமையையும் எண்ணினார். ஆனால் அது மக்களினங்களை இணைக்கத் தவறியதோடு, பெருநிலவுடைமையாளரின் நலனுக்கு உட்பட்டுப் பகைமையை வளர்த்தது எனவுங் காட்டினார். நேரடியாக வாழ்ந்து கண்டவரின் சான்று என்ற வகையில் இது பெறுமதி வாய்ந்தது.

மக்ஸ்-ஸ்டெபான் ஷுல்ஸ, நிக்கொலாஸ் வொல்ஃப் ஆகிய இருவரும் 2009இலும் 2012இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்நோக்குக்குப் புள்ளிவிபர ஆதாரத்தைத் தந்துள்ளன. பேரரசின் பல நகரங்களில் நிலவிய தானிய விலைகளை ஒப்பிட்ட இவர்கள், மொழியால் ஒத்த நகரங்களிடையே சந்தை ஒருங்கிணைவு கூடுதலாகவும், மொழியால் வேறுபட்ட நகரங்களிடையே குறைவாகவும் இருந்தமையையும், பின்னாளில் அரச எல்லைகளாக மாறிய கோடுகளின் சாயல் 1914இற்கு முன்னரே விலைகளில் தென்பட்டமையையும் எடுத்துக்காட்டினர். இதற்குச் சமூக அடிப்படை இல்லாமலில்லை. செக் மக்கள் தம்மவரிடமே வாங்கவேண்டுமென்னும் இயக்கத்தை நடத்தினர். 1868இல் தோன்றிய ஷிவ்நொஸ்தென்ஸ்கா வங்கி செக் மூலதனத்தைத் தனியே திரட்டியது. ஹங்கேரியில் 1906இல் எழுந்த ‘துலிப் மலர்’ இயக்கம் ஒஸ்திரியச் சரக்குகளைப் பகிஷ்கரிக்கத் தூண்டியது. சந்தை என்பது விலையால் மட்டும் இயங்குவதன்று, நம்பிக்கையாலும் மொழியாலும் இயங்குவது என்பதை நிறுவியமை இவ்வாய்வுகளின் சிறப்பாகும்.

ஆயினும் இவ்விளக்கம் தன் சான்று தாங்கக்கூடியதை விடக் கூடுதலான சுமையைச் சுமக்க வைக்கப்படுகின்றது. நகரங்களிடையே விலை வேறுபாடு நிலவிற்றெனினும், பேரரசு முழுவதையும் நோக்குமிடத்துச் சந்தைகள் ஒன்றையொன்று நெருங்கியே வந்தன. ஷுல்ஸவும் வொல்ஃபும் இதனை மறுப்பவரல்லர். பேரரசின் பொருளாதாரம் தேய்ந்து செல்லவில்லை, வளர்ந்தே வந்தது என டேவிட் குட் 1984இல் விரிவாக எழுதியுள்ளார். ஒரு செக் குடும்பம் ஜேர்மன் மொழி பேசும் வணிகரின் கடையைத் தவிர்த்தமை விலைகளில் ஒரு சிறு இடைவெளியை விளக்கும்; 1919ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வியன்னாவின் வீடுகளில் நிலக்கரி இல்லாதுபோனமையை அது விளக்காது. மொழிவழிப் பிளவு மெல்ல வளர்ந்தது. வர்த்தக வீழ்ச்சியோ சில மாதங்களில் நேர்ந்தது. மெல்ல வளர்ந்த காரணத்தைக்கொண்டு திடீரென நேர்ந்த விளைவை விளக்குதல் முறையியல் நோக்கில் ஏற்புடையதன்று.

இவ்விரு விளக்கங்களிலும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. இரண்டும் 1918இற்கும் 1938இற்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளை ஒரே நிகழ்ச்சியாகக் கொள்கின்றன. உண்மையில் இக்காலத்தில் மூன்று வேறுபட்ட நிகழ்ச்சிகள் மூன்று வேறுபட்ட காரணங்களால் நிகழ்ந்தன.

முதலாவது, 1918 முதல் 1922 வரையிலான முறிவு. இக்காலத்தில் வர்த்தகத்தை நிறுத்தியது புதிய சுங்கத் தீர்வையன்று. பொதுச் சேவைகளின் மறைவேயாகும். பேரரசின் புகையிரதச் சரக்குப் பெட்டிகள் எவ்வரசுக்குரியன என்பது தீர்க்கப்படாதிருந்தது. எல்லை கடந்த பெட்டி திரும்பிவராதென அஞ்சிய அரசுகள் பெட்டிகளை எல்லை கடக்க விடவில்லை. உணவும் எரிபொருளும் எங்கும் அரிதாயிருந்தமையால் ஒவ்வோர் அரசும் ஏற்றுமதியைத் தடைசெய்தது. நாணயத்தின் நிலையும் இதுவே. ஒரே வங்கி வெளியிட்ட தாள்கள் பல நாடுகளில் வழங்கின; எவரும் அதன் அச்சகத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1919 ஜனவரியில் யூகோஸ்லாவிய இராச்சியமும், சில வாரங்களின் பின்னர் நிதியமைச்சர் அலொய்ஸ் ராஷினின் வழிநடத்தலில் செக்கோஸ்லோவாக்கியாவும், தொடர்ந்து ஒஸ்திரியாவும் தத்தம் எல்லைக்குள்ளிருந்த தாள்களுக்கு முத்திரை குத்தித் தனி நாணயமாக்கின. ஒஸ்திரிய நாணயம் 1922இல் அடைந்த வீழ்ச்சி எத்தகையதெனின், பின்னர் ஒரு பொன் குரோனுக்கு 14,400 தாள் குரோன் என மதிப்பு நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சர்வதேச சங்கத்தின் மூலம் கடனுக்கு ஏற்பாடானதையொட்டியே அது நிலைபெற்றது. இக்கால இன்னல்களுள் பெரும்பகுதி பிரிவினையால் மட்டும் வந்ததன்று. நான்காண்டுப் போர் வயல்களையும் சுரங்கங்களையும் முன்னரே வறிதாக்கியிருந்தது. பேரரசு ஒன்றாகவே நிலைத்திருப்பினும் 1919இல் பஞ்சம் இருந்திருக்கும்.

இரண்டாவது, 1925 முதல் 1931 வரையிலான காலம். நாணயங்கள் நிலைபெற்று, புகையிரதங்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னரே உண்மையான சுங்க மதில்கள் எழுந்தன என்பது இரு பிரிவினரும் போதிய கவனஞ் செலுத்தாத செய்தியாகும். ஒஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்றும் விரும்பினால் ஐந்தாண்டுகளுக்குத் தமக்கிடையே விசேட சுங்கச் சலுகைகளைப் பேணலாமெனச் சமாதான உடன்படிக்கைகளே இடமளித்திருந்தன. அவ்வாய்ப்பு பயன்படுத்தப்படவில்லை. இறக்குமதி ஏற்றுமதித் தடைகளை நீக்குவதற்கு 1921இல் போர்ட்டோ ரோசா மாநாட்டில் எட்டப்பட்ட இணக்கமும் நடைமுறைக்கு வரவில்லை. மாறாக, 1925இன் தொடக்கத்தில் ஒஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் புதிய தீர்வைகள் நடைமுறைக்கு வந்தன. ஹங்கேரி அம்மதிலின் பின்னால் தனக்கென நெசவாலைகளை வளர்த்தது. ஒஸ்திரிய, செக் துணிகளுக்கு இருந்த பழைய சந்தை குறுகியது. செக்கோஸ்லோவாக்கியாவில் விவசாயிகள் கட்சியின் செல்வாக்கால் 1925இலும் 1926இலும் தானியத் தீர்வைகள் உயர்ந்தன. 1930 டிசம்பரில் அந்நாட்டுக்கும் ஹங்கேரிக்குமிடையிலான வர்த்தக ஒப்பந்தம் முடிவுற்றபோது இரு நாட்டு வர்த்தகம் அடியோடு வீழ்ந்தது. ஹங்கேரிய உழவர் வாங்குவோரை இழந்தனர். செக் நெசவாளர் வேலையை இழந்தனர்.

இம்முடிவுகளை எல்லைக்கோடு எடுக்கவில்லை. நாடாளுமன்றங்களும் அவற்றிலே செல்வாக்குப் பெற்ற வர்க்கங்களும் எடுத்தன. பேரரசுக் காலத்தில் பொதுமதிலுக்குள் இருந்து இலாபம் பெற்றோரின் வழித்தோன்றல்களே, பேரரசு மறைந்தபின் தத்தமக்கெனத் தனிமதில் எழுப்பினர். இத்தொடர்ச்சியை ‘இயற்கை ஒற்றுமை’ வாதம் மறைத்துவிடுகின்றது. முன்னரே உடைந்த சந்தை என்னும் வாதமோ, நடந்தது நடந்தே தீரவேண்டியதென்னும் தோற்றத்தை ஏற்படுத்திப் பொறுப்பாளரை விடுவித்துவிடுகின்றது.

மூன்றாவது, 1931இற்குப் பிற்பட்ட காலம். அவ்வாண்டு மே மாதத்தில் வியன்னாவின் கிரெடிட்டான்ஸ்ரால்ற் வங்கி வீழ்ந்தது. நெருக்கடி டானியூப் நாடுகள் முழுவதையும் பற்றியது. 1932இல் பிரெஞ்சுப் பிரதமர் தார்தியூ முன்வைத்த டானியூப் நாடுகளின் சலுகைத் திட்டம் வல்லரசுகளின் போட்டியால் தோல்வியுற்றது. ஒருவரிடமொருவர் வாங்க மறுத்த சிறு நாடுகளின் விளைபொருளை வாங்க ஜேர்மனி முன்வந்தது. 1934இல் ஷாக்ற் வகுத்த புதிய திட்டத்தின்படி கொடுக்கல் வாங்கல் கணக்குமூலம் நேர்செய்யப்பட்டது. கோதுமையையும் கால்நடைகளையும் விற்றவர் பெற்ற மார்க்கைக்கொண்டு ஜேர்மன் பொருள்களையே வாங்க முடிந்தது. ஹங்கேரியின் வர்த்தகமும் யூகோஸ்லாவியாவின் வர்த்தகமும் ஆண்டுதோறும் பேர்லினை நோக்கிச் சாய்ந்தன. 1938இல் ஒஸ்திரியாவும், 1939இல் செக் நிலமும் ஜேர்மன் ஆட்சிக்குட்பட்டன. படையெடுப்புக்கு முன்னரே கணக்கேடு அவ்வழியைத் திறந்திருந்தது.

இம்மூன்று கட்டங்களையும் பிரித்து நோக்கும் முறை பிற்காலச் சிதைவுகளுக்கும் பொருந்துமா என்பது அடுத்து எழும் வினா. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் பதினைந்து நாடுகளாகப் பிரிந்தபோது முதற்கட்டத்தின் அதே காட்சி மீண்டும் தோன்றிற்று. ரூபிள் பொதுவாயிருந்தது, கடன் வழங்கும் மத்திய வங்கிகள் பலவாயின. 1993 ஜூலையில் ருஷ்யா பழைய தாள்களைச் செல்லாதாக்கியபோது அப்பொது நாணயத்தின் முடிவு உறுதியாயிற்று. 1992 ஜூனிலேயே தன் நாணயத்தை வெளியிட்ட எஸ்தோனியா தன் வர்த்தகத்தைப் பின்லாந்து, சுவீடன் ஆகியவற்றை நோக்கித் திருப்பிக்கொண்டது; பெலருஸ் ருஷ்யாவையே சார்ந்து நின்றது. ஒரே பேரரசிலிருந்து பிரிந்த இரு நாடுகள் இவ்வாறு இரு வேறு திசைகளிற் சென்றமை, பிரிவு மட்டுமே திசையைத் தீர்மானிப்பதில்லை என்பதைக் காட்டும்.

இதற்கு மாறான காட்சியைச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிரிவில் காணலாம். 1993 ஜனவரி 1ஆம் திகதி அந்நாடு இரண்டானபோது இரு அரசுகளும் சுங்க ஒன்றியத்தைப் பேணின. பொது நாணயம் பெப்ரவரி 8ஆம் திகதி வரை மட்டுமே நீடித்ததாயினும், கொடுக்கல் வாங்கலை நேர்செய்யும் ஏற்பாடு 1995 வரை இருந்தது. இங்கும் இரு நாட்டிடை வர்த்தகம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆயின் அது பட்டினியாகவோ ஆலைகளின் திடீர் மூடலாகவோ உருவெடுக்கவில்லை. ஒவ்வொரு நாடும் மேற்கு ஐரோப்பாவில் புதிய சந்தைகளைத் தேடிக்கொள்ள அவகாசம் பெற்றது. 2004 மே மாதத்தில் இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துட் புகுந்து மீண்டும் ஒரே சுங்க எல்லைக்குள் வந்தன. முதற் பிரிவினர் கூறுவதில் உண்மை உண்டென்பதையும் இது ஒப்புக்கொள்ள வைக்கின்றது: அரசெல்லை, மிக அமைதியாக வரையப்பட்டதாயினும், வர்த்தகத்தைக் குறைக்கவே செய்யும். ஆனால் அக்குறைவு எத்துணை வேகமாக, யாருடைய தலையில் விழும் என்பது பொதுச் சேவைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டதா என்பதிலேயே தங்கியுள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, கெயின்ஸின் வழிவந்தோர் இழப்பின் அளவைச் சரியாக உணர்ந்தனர். அதன் காரணத்தை ஒரே கோட்டில் ஏற்றியமையே அவர்தம் தவறு. யாசியும் அவர் வழியிற் சென்றோரும் பழைய சந்தையின் உட்பூசலைச் சரியாகக் கண்டனர். 1918இற்குப் பின்னர் மனிதர் செய்த தெரிவுகளுக்கு உரிய இடத்தை அவ்விளக்கம் அளிக்கவில்லை. மத்திய ஐரோப்பாவின் சிறு நாடுகளை 1930களில் ஒரே வல்லரசின் வாடிக்கையாளராக்கியது பேரரசின் சிதைவு மட்டுமன்று. சரக்குப் பெட்டிகளைப் பற்றியும் நாணயத்தைப் பற்றியும் சுங்கத் தீர்வையைப் பற்றியும் அயலவரோடு பேசித் தீர்க்கத் தவறிய பன்னிரண்டு ஆண்டுகளுமாகும். இனிவரும் ஆய்வாளர் அவ்வாண்டுகளின் பேச்சுவார்த்தை அறிக்கைகளையும் ஆலைகளின் கணக்குகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வாராயின், எந்த வாய்ப்பு எவரால், எவரது நலன் கருதிக் கைவிடப்பட்டது என்னும் வினா மேலும் தெளிவான விடையைப் பெறும்.